மாலைச் செய்தியும் மணமில்லாத களிம்பும்

"பாலத்தின் கிழக்குப் பகுதியில் நாளை முதல் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று..."

செய்தியக்கா வாசித்துக்கொண்டிருந்தார். கூடவே ஊரில் இருந்த அத்தனை ரேடியோப் பெட்டிகளிலும் 'சரக்... சரக்... சரக்...' என்று இன்னொரு சத்தமும் கேட்டது.

அது சைலன்ஸ் தன் உள்ளங்கையைச் சொறிந்த சத்தம்.

சைலன்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் அவர் சவுண்ட் ஆபரேட்டர். ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்னால் "சைலன்ஸ்!" என்று ஓர் அதட்டல் போடுவார். தும்மல் வருகிறவன் தும்மலை விழுங்கிவிடுவான், அப்படி ஓர் அதட்டல். நாளாவட்டத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி சொறிந்துகொண்டிருந்தார்.

பெரிய நிலையங்களில் வாசிக்கிறவருக்கும் ஆபரேட்டருக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருக்கும். இங்கேயும் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கால் உடைந்த நாற்காலிகள் குடியேறி, பட்டா வாங்காத குறையாக உட்கார்ந்துவிட்டன. அதனால் அக்காவும் சைலன்ஸும் ஒரே சின்ன அறையில், முழங்கால் இடிக்காத குறையாக உட்கார்ந்துதான் ஊருக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது.

செய்தி முடிந்ததும் டெலிபோன் அலறியது.

"சார், உங்க ஸ்டூடியோவுல எலி பூந்திருக்கு. பேப்பரையெல்லாம் கரண்டுது. சீக்கிரம் பாருங்க!"

"பார்க்கிறோங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார் எலி.

"ரொம்ப அரிக்குதா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"லேசாதான் அக்கா."

லேசாவது! இரண்டு உள்ளங்கையும், விரல் நுனிகளும் சிவந்து, தோல் வெடித்து, கோடை வயல் மாதிரி கிடந்தன. நல்ல பிள்ளையாக ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அக்காவுக்கு வாசனை ஆகாது.

ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. பூவோ, சோப்போ, செண்டோ, எதன் வாசனை வந்தாலும் முதலில் கண் எரியும். அடுத்து தொண்டை சுருங்கும். அப்புறம் தலைவலி வந்து, விருந்தாளி மாதிரி இரண்டு நாள் தங்கும். அக்கா இதைச் சொல்லி யாரிடமும் ஒரு சொட்டு அனுதாபம் கேட்டதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் இறங்கி நடந்தே வருவார். கல்யாண வீட்டில் வாசலில் நின்றபடியே வாழ்த்திவிட்டுத் திரும்புவார். இத்தனையையும் தாங்கிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால், அடடா, குரலா அது! தண்ணீர் வராது என்ற அறிவிப்பைக்கூட அக்கா வாசித்தால் ஜனங்கள் கோபித்துக்கொள்ளாமல் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள்.

சைலன்ஸுக்கு அக்கா என்றால் உயிர். அந்தக் குரலை ஒரு பிசிறு இல்லாமல் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதுதான் தான் பிறந்த காரணம் என்று அவர் நம்பினார்.

போதாக்குறைக்கு, சமீபத்தில்தான் பகல் பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்திருந்தான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே செண்ட் வாசனை நிலையத்துக்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடும். எல்லாரும் அவனை நந்தவனம் என்று கூப்பிட்டார்கள். அவன் சைலன்ஸின் நாற்காலியில்தான் பகல் முழுக்க உட்காருவான். அவன் வந்த புதிதில் அக்கா பாடு திண்டாட்டமாகத்தான் இருந்தது. பிறகு என்ன ஆச்சோ, அந்தத் தொல்லை சுத்தமாக நின்றுவிட்டது.

"பழகிக்கிட்டாங்க பாரேன்! என்ன மன உறுதி!" என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் மாய்ந்துபோனார் சைலன்ஸ். அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

எலிப் புகார் மேனேஜர் காதுக்குப் போனது.

"இதோ பாருங்க சைலன்ஸ்" என்றார் மேனேஜர், கதவைச் சாத்திக்கொண்டு. "தலைமை அலுவலகத்துல ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டிருக்காங்க. எல்லா ஊருக்கும் ஒரே செய்தியை அங்கேயே பதிவு பண்ணி அனுப்பிடறோம், உங்க ஊர்ல எதுக்குத் தனியா ஒருத்தர்னு. நான்தான் அக்கா குரலைச் சொல்லித் தடுத்து வெச்சிருக்கேன். செய்தி நேரத்துல இப்படி ரெண்டு கோளாறு வந்தா, நான் வாயே திறக்க முடியாது. அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சைலன்ஸ் தன் கையைத் தானே முறைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி கணக்கு டீச்சர். எந்தப் பிரச்சினைக்கும் விடை உண்டு, வழிமுறையைத்தான் ஒழுங்காக எழுத வேண்டும் என்கிற கட்சி. அக்காவின் செய்தியைக் கேட்காமல் அடுப்பை அணைக்காதவள் வேறு.

"உங்களால அவங்க வேலை போச்சுன்னா, நீங்க வீட்டுக்கு வரவேண்டாம். இந்தாங்க" என்று தன் கைக்குத் தடவுகிற லோஷனை எடுத்து நீட்டினாள்.

"வாசனை அடிக்குமே?"

"காலையில தடவுங்க. சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

போகவில்லை. மறுநாள் அக்கா "வணக்கம், செய்திகள்" என்று தொடங்கி, நகராட்சி ஆணையரின் அறிக்கையில் கால் வைத்தபோது சைலன்ஸ் குமிழை ஏற்றக் கையை நீட்டினார். ரோஜாத் தோட்டம் ஒன்று மேசையைத் தாண்டிப் போனது. அக்காவின் கண் கலங்கியது. "ஆணையர்" என்ற சொல்லில் "ஆ" மட்டும் வெளியே வந்து, மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சைலன்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த சோகமான புல்லாங்குழல் இசையைத் தட்டிவிட்டார். அக்கா வெளியே ஓடிப்போய், தண்ணீர் குடித்து, காற்று வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, எதுவுமே நடக்காத மாதிரி "...ணையர் தெரிவித்துள்ளார்" என்று முடித்தார். இப்படிப்பட்ட மனுஷியை எங்கே போய்த் தேடுவது?

டெலிபோன் அடித்தது.

"சார், ஆணையர் எப்ப தவறினாரு? உடலை எங்க வைக்கப் போறாங்க?"

அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஊரை நம்பவைக்க ராத்திரி வரைக்கும் ஆயிற்று. கடைசியில் ஆணையரே கூப்பிட்டு, "நான் இருக்கேன்" என்று சொன்னார்.

அடுத்து சைலன்ஸ் மருந்துக்கடைக்கு ஓடினார். கடைக்காரர் அலமாரியின் நடு வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக் குழாயை எடுத்து வைத்தார். 'மணமற்றது' என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

நிலையத்து வாசலில் வாட்ச்மேன் வழிமறித்தார். திருடன் வருவான் என்று அவரை வைத்திருந்தார்கள். திருடன் வந்தால் எதைத் திருடுவது என்று அவனுக்கே குழப்பம் வரும். அதனால் வாட்ச்மேனுக்குப் பொழுது போவதில்லை. கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிப்பார். பிஸ்கட் உறை, பூச்சிமருந்து டப்பா, பழைய பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி.

"குடுங்க சார். 'வறண்ட சருமத்துக்கு உகந்தது. குழந்தைகள் கைக்கு எட்டாமல்...'"

"அப்புறம் படிக்கலாம், விடுங்க!"

"நான் படிச்சா யாருமே காது குடுத்துக் கேக்குறதில்ல" என்று அலுத்துக்கொண்டார் வாட்ச்மேன்.

குழாயின் மூடியைக்கூட சைலன்ஸ் திறக்கவில்லை. அக்கா நடைவழியின் அந்தக் கோடியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, உங்க பையில என்னமோ இருக்கு."

"மணமற்றதுன்னு போட்டிருக்கே அக்கா!"

"போடுவான். களிம்புக்குன்னு ஒரு வாடை உண்டுல்ல, அது தெரியக்கூடாதுன்னு மேலே இன்னொரு வாசனையைப் போட்டு அமுக்கியிருப்பான். உங்க மூக்குக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். என் தொண்டைக்குத் தெரிஞ்சிடும்." அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்டி நின்றபடியே குழாயைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "லேபிள்ல மேலே இருக்கிறதெல்லாம் விளம்பரம் தம்பி. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். கடைசி வரியில ஆரம்பிச்சு மேலே வாங்க. என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு பொடி எழுத்துல இருக்கும். வாசனைங்கிற சொல்லு வந்துச்சுன்னா அங்கேயே வெச்சிட்டு வந்துடுங்க. வரலைன்னா வாங்கிடுங்க. மத்ததைப் படிச்சு நமக்கு என்ன ஆகப்போகுது?"

சைலன்ஸ் கடைசியிலிருந்து படித்தார். இரண்டாவது சொல்லே வாசனைதான்! ஊரில் படித்தவன் எவனாவது ஒரு டப்பாவை இப்படிப் படித்திருப்பானா? இந்த மூக்கும் இந்த மூளையும் ஒரே ஆளிடம் இருப்பதென்றால் சும்மாவா?

"களிம்பே வேண்டாம்" என்றாள் மனைவி அன்றைக்கு இரவு. "பஞ்சு மாதிரி வெள்ளைக் கையுறை போட்டுக்கங்க. சொறியவும் முடியாது, சத்தமும் வராது."

நல்ல யோசனைதான். கையுறையை மனைவி துவைத்துக் கொடுத்தாள். அந்தச் சலவைத்தூளுக்கு மல்லிகை மணம் என்பதை வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வீடே அந்த மணத்தில் ஊறிக்கிடந்ததால் யார் மூக்குக்கும் அது தெரிந்ததில்லை. அக்கா அன்றைக்கு வானிலையைச் சொல்லும்போது குரல் கரகரத்து, லேசான மழை என்பது பயங்கரமான மழை மாதிரி ஒலித்தது. மறுநாள் பாதி ஊர் குடையோடு அலைந்தது.

சைலன்ஸ் வீட்டுக்குப் போய் சலவைத்தூளை மாற்றினார். சோப்பை மாற்றினார். எத்தனை அலசியும் மல்லிகை விடாத கையுறையையும், தலையணைக்குக் கீழே மனைவி வைத்திருந்த வாசனைப் பையையும் தூக்கிப் பரணில் போட்டார். வீட்டில் வாசனை என்று மிஞ்சியது அடுப்பில் தீய்ந்த பால் மட்டும்தான்.

"செய்தி வாசிக்கிறது அவங்க, துணியெல்லாம் மொட்டையாப் போனது எனக்கு" என்று முணுமுணுத்தாலும், மனைவி பழைய சலவைத்தூளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அக்காவுக்காக என்றால் அவளும் அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவை குனிந்து, யாரும் பார்க்காத அடிவரிசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். படம் இல்லை, பூ இல்லை, சிரிக்கிற பெண் இல்லை. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு கொழகொழப்பு.

"வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. வேற எதுவும் கலக்காதது. இதை யாரும் கேக்கறதில்ல சார், டப்பா அழகா இல்லைன்னு."

சைலன்ஸ் கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். மொத்தமே ஒரு வரிதான்.

நிலையத்து மொட்டைமாடியில், காற்றோட்டமான இடத்தில், பரீட்சை நடந்தது. சைலன்ஸ் கையில் துளி தடவிக்கொண்டு தூரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சைலன்ஸ் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். சைலன்ஸின் மூச்சு நின்றே போயிருந்தது.

"எப்ப தம்பி கிட்ட வருவீங்க?" என்றார் அக்கா.

"வந்துட்டேன் அக்கா!"

அக்கா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார். சைலன்ஸுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஜெல்லிக்கு வாசனை இல்லைதான். வழுக்கல் இருக்கிறதே! அன்று மாலை, "நகரத் தந்தை நாளை நம் பகுதிக்கு வருகை தருகிறார்" என்று அக்கா வாசித்து மூச்சு வாங்கிய இடத்தில், சைலன்ஸின் விரல் ஒரு குமிழிலிருந்து வழுக்கி அடுத்த குமிழில் போய் விழுந்தது. "மூட்டைப்பூச்சித் தொல்லையா? ஒரே அடியில் ஒழித்துக் கட்டுங்கள்!" என்று விளம்பரம் முழங்கியது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது கடைசி. நகரத் தந்தை வீட்டுல இருந்தே கூப்பிட்டுட்டாங்க. தலைமை அலுவலகத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மறுநாள் சைலன்ஸ் பயந்துகொண்டே வந்து பார்த்தால், குமிழ்களில் பிசுக்கின் சுவடே இல்லை. புதிதாகக் கடையிலிருந்து இறக்கியது மாதிரி பளபளத்தன. துப்புரவு செய்கிறவர் புண்ணியம் கட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டார். ஜெல்லியை இன்னும் கொஞ்சம் தடவினார். அடுத்த நாள் குமிழ்கள் இன்னும் பளபளப்பு. கை இன்னும் மோசம். அவர் தடவத் தடவ அவை மின்னின. அவை மின்ன மின்ன இவருக்கு அரித்தது.

பொறுக்கமுடியாமல் தோல் டாக்டரிடம் போனார்.

"எப்ப அரிப்பு ஜாஸ்தியாகுது?"

"செய்தி நேரத்துல டாக்டர்."

"மத்த நேரத்துல?"

"குறைஞ்சிடும். லீவு நாள்ல அவ்வளவா இல்ல."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"செய்தியக்கா."

"அவங்கன்னா உங்களுக்கு எப்படி?"

"தெய்வம் மாதிரி டாக்டர்!"

"அதான். பதற்றம். பக்தி முத்திப்போய் உடம்புல இறங்கியிருக்கு. அரிப்புக்கு மருந்து தர்றேன், ஆனா வாசனை இருக்கும்."

"அப்ப வேண்டாம் டாக்டர்."

வீட்டில் இதைச் சொன்னதும் கணக்கு டீச்சர் கணக்குப் போட்டாள். "பக்தியாவது ஒண்ணாவது. உங்களுக்கு அவங்க குரல் ஒத்துக்கலை. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காத மாதிரி."

"வாயைக் கழுவு! அந்தக் குரலா ஒத்துக்காது?"

"பரீட்சை வெச்சிடுவோம். ஒரு வாரம் லீவு போடுங்க."

லீவு போட்டார். மேனேஜரே குமிழ்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாலையானால் மனைவி ரேடியோவை அவர் மடியிலேயே வைத்து, இரண்டு கையையும் விரித்து வைக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா வாசித்தார். கை சும்மா இருந்தது. சத்தத்தைக் கூட்டிவைத்தாள். கை சும்மாவே இருந்தது. வாரக் கடைசியில் உள்ளங்கை குழந்தை கன்னம் மாதிரி ஆகிவிட்டது.

"குரல் இல்ல" என்று மனைவி தீர்ப்பெழுதினாள். "அவங்களைத் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

சைலன்ஸ் துள்ளிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மேனேஜர் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டபடி வரவேற்றார். கை குலுக்கவில்லை.

"என்ன சார்?"

மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார். சிவப்பு. வெடிப்பு. விரல் நுனியெல்லாம் சொறி.

"உங்க சீக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சு, சைலன்ஸ்."

சைலன்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒட்டுகிற சீக்கு! நாற்காலியில் உட்கார்ந்த ஒரே வாரத்தில் மேனேஜருக்கு ஒட்டிக்கொண்டது என்றால், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு? அக்காவுக்கு வந்துவிட்டால் அவர் எந்தக் களிம்பைத் தடவுவார்? எந்த டாக்டரிடம் போவார்? வாசனை இல்லாத மருந்துக்காக இந்த ஊரில் தான் அலைந்த அலைச்சலை அந்த மனுஷி அலைய வேண்டுமா?

அன்றைக்கே சாயங்காலம் உள்ளங்கை மறுபடி அரிக்க ஆரம்பித்தது. சந்தேகம் தீர்ந்துபோயிற்று. சைலன்ஸ் நேரே மேனேஜரிடம் போனார்.

"என்னை மலைமேல டவருக்கு மாத்திடுங்க சார். அங்க நான் தனியாதான் இருப்பேன். யாருக்கும் ஒட்டாது. இங்க வேற ஆபரேட்டரைப் போட்டுடுங்க. செய்தியில இனிமே ஒரு சத்தம் வராது. அக்கா வேலை தப்பிச்சிடும்."

"அங்க மைக்கே கிடையாதேய்யா. வெறும் கம்பமும் மெஷினும்தான்."

"பரவாயில்ல சார். அவங்க குரல் அந்தக் கம்பம் வழியாத்தானே போகுது."

மேனேஜர் சொறிந்துகொண்டே தலையை ஆட்டினார்.

வீட்டில் மனைவி வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. மலைமேல் குளிரும் என்று கம்பளியை எடுத்துவைத்தாள். அவ்வளவு நாள் கேலி பேசியவள், ராத்திரி சாப்பாடு போடும்போது, "நீங்க ரொம்ப நல்லவருங்க" என்று மட்டும் சொன்னாள். இனிமேல் அந்தக் குரலை எல்லாரையும் போலத் தானும் ரேடியோவில்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி சைலன்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம், நந்தவனம் பாட்டு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு மணக்க மணக்கக் கிளம்பிப் போன பிறகு, சைலன்ஸ் தன் ஹெட்போனை எடுத்துக்கொண்டு போக வந்தார். அக்கா வருகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்தார். நேரில் பார்த்தால் அழுதுவிடுவோம் என்கிற பயம். வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"இப்ப உள்ள போகாதீங்க சார். அக்கா இருக்காங்க."

"இந்நேரத்துக்கா? என்ன பண்றாங்க?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. நீங்கதான் இன்னையோட போறீங்களே, இனிமே என்ன. தெனமும் இப்படித்தான் சார். அந்தப் பையன் எந்திரிச்சுப் போனதும் வந்துடுவாங்க. செண்ட் வாசனை கையில ஒட்டாம இருக்க ரப்பர் கையுறையை மாட்டிக்குவாங்க. உங்க நாற்காலி, மேசை, குமிழு, ஒண்ணு விடாம மருந்து ஊத்தித் தேய்ச்சு வாசனையைப் போக்கிடுவாங்க. 'மேனேஜர்கிட்ட சொல்லலாமே அக்கா'ன்னு கேட்டேன். 'பாவம், சின்னப் பையன், புதுசா வேலைக்கு வந்திருக்கான், என் மூக்கால அவன் பேரு கெடக்கூடாது'ன்னுட்டாங்க."

சைலன்ஸ் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குமிழ்களை ஒவ்வொன்றாக, கைக்குழந்தையின் காதைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பழகிக்கொண்டார் என்று நினைத்தோமே! பழகவில்லை. தினம் தினம் இந்தப் பாடு பட்டிருக்கிறார், ஒரு வார்த்தை பேசாமல். அதற்குப் பிறகும் அப்படி ஒரு குரலில் வணக்கம் சொல்லியிருக்கிறார்.

"உங்க கையில புண்ணு வந்ததுல இருந்து ரெண்டு மடங்கு தேய்க்கிறாங்க சார்" என்றார் வாட்ச்மேன். "'தம்பி எனக்காக ஊரெல்லாம் களிம்பு தேடி அலையுது, அது கையில ஒரு கிருமி பட்டுடக்கூடாது'ன்னு."

சைலன்ஸுக்குக் கண்ணை மறைத்தது. இவரை விட்டுவிட்டு மலைமேல் போய் உட்காருவதா? மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"இவ்வளவு தேய்ச்சும் ஒரு வாடைகூட வரலையே? அப்படி என்ன மருந்து அது?"

"அதுக்கு அவங்க ஏறாத கடை இல்ல சார்! ஒவ்வொரு டப்பாவையும் கடைசி வரியில இருந்து படிச்சுப் படிச்சு, வாசனைங்கிற சொல்லே இல்லாததாப் பார்த்து வாங்கியாந்தாங்க." வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்தார். "நான் மேலே இருந்து படிக்கிற ஆளு. மொத வரியிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். 'தேய்த்த ஆறு மணி நேரத்துக்கு வெறுங்கையில் படக்கூடாது. பட்டால் தோல் வெடித்து அரிப்பு எடுக்கும்.' அக்காவுக்குக் கவலையில்ல, கையுறை போட்டிருக்காங்க. நீங்கதான் சார் பார்த்து இருக்கணும், ஏற்கெனவே கை சரியில்ல. தப்பித்தவறி இதைத் தொட்டுகிட்டுத் தொலைச்சிடாதீங்க."